நான் என்ன சொல்லட்டும் தம்பி?

2017-இல் ஒரு நாள் காலை பத்து மணி வாக்கில், கோர்ட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் அவர் என்னிடம் கேட்டது இதைத்தான்: "நான் என்ன சொல்லட்டும் தம்பி?" அவர் கொடுத்த லஞ்சப் புகார் வழக்கில் இன்னும் அரை மணி நேரத்தில் அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றப் போகிறார்கள். நான் சொன்னேன், "அண்ணே, நான் பத்திரிகைக்காரன். அதுல நான் எதுவும் சொல்லக் கூடாது." சரி என்று தலையாட்டினார். டீ கிளாசை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், ஆனால் குடிக்கவில்லை. மேலே ஆடை படிந்துவிட்டது.

தொழில்படி அந்தப் பதிலில் தப்பில்லை. சாட்சி சொல்லப் போகிறவரிடம் நிருபர் ஒரு வார்த்தை பேசினாலும் போதும், குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார், வழக்கே கெட்டுவிடும். வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்லித் தருகிறேன். ஆனால் 2011-இல் இதே மனிதர் பட்டா உட்பிரிவுக்காக எட்டு மாதம் நடந்து அலுத்து, நில அளவையர் மூவாயிரம் கேட்கிறார் என்று எங்கள் அலுவலக வாசலில் வந்து நின்றபோது "நான் பத்திரிகைக்காரன், எதுவும் சொல்லக் கூடாது" என்று நான் சொல்லவில்லையே. என் பைக்கில் ஏற்றிக்கொண்டு லஞ்ச ஒழிப்புத் துறை அலுவலகத்தில் கொண்டுபோய் விட்டேன். "பயப்படாதீங்கண்ணே, நாங்க இருக்கோம்" என்று வேறு சொன்னேன். அந்த 'நாங்க' யார் என்று இன்றைக்கு யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் நில அளவையர் பிடிபட்டார். விஷயம் முன்கூட்டியே தெரிந்தது எங்களுக்கு மட்டும்தான். மாவட்டப் பக்கத்தில் படத்தோடு வந்தது, ஆசிரியர் கூப்பிட்டுப் பாராட்டினார்.

நோட்டில் ஃபினாப்தலின் பவுடர் தடவிக் கொடுத்து, வாங்கியவர் கையை சோடியம் கார்பனேட் கரைசலில் கழுவச் சொல்வார்கள், தண்ணீர் இளஞ்சிவப்பாகும். அதோடு கதை முடிந்தது என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். செய்தியை நாங்கள் எழுதுகிற விதமும் அப்படித்தான், கையும் களவுமாக என்று. உண்மையில் கை சிவந்தது மட்டும் போதாது, வாங்கியவர் லஞ்சம் கேட்டார் என்பதையும் நிரூபிக்க வேண்டும். 2014-இல் ஜெயராஜ் வழக்கிலும் 2015-இல் சத்தியநாராயண மூர்த்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. எங்கள் வழக்கில் பணம் கொடுப்பதைப் பார்க்கச் சாட்சியாகக் கூடப் போன அரசு ஊழியர் கதவுக்கு வெளியே நின்றவர், அவர் காதில் எதுவும் விழவில்லை. ஆக, அண்ணனின் வாய்தான் மொத்த வழக்கும். டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது இது எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்தக் கேள்விக்கு முன்னால் அவர் சொன்னதும் முக்கியம். மச்சான் வழியாக மூன்று தடவை ஆள் வந்து பேசியிருக்கிறார்கள். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். எந்தக் காகிதத்துக்கும் அதே தாலுகா ஆபீஸ் படியைத்தான் ஏற வேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டுத்தான் கேட்டார்.

கூண்டில் ஏறினார். மேஜையில் அரக்கு முத்திரை உடைத்த உறையிலிருந்து ஆறு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்து வைத்தார்கள், எல்லாம் பழைய நோட்டு, 2016 நவம்பருக்குப் பிறகு செல்லாதவை. பக்கத்தில் கரைசல் பாட்டில்கள், அவற்றின் நிறமும் வெளிறிப்போயிருந்தது. "அவர் பணம் கேட்கவில்லை. வாங்கிய கைமாற்றைத் திருப்பிக் கொடுத்தேன்" என்றார். அரசு வக்கீல் எழுந்து, சாட்சி பிறழ்ந்துவிட்டார், குறுக்கு விசாரணை செய்ய அனுமதி வேண்டும் என்றார். அப்போது அண்ணன் என் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பார்த்தாரா, அல்லது இத்தனை வருஷம் நினைத்து நினைத்து நானே சேர்த்துக்கொண்டதா, எனக்கே உறுதியாகத் தெரியவில்லை.

"உண்மையைச் சொல்லுங்க" என்று சொல்லியிருக்கலாம்தான். சொல்வது சுலபம். சாயங்காலம் நான் பஸ் ஏறிப் போய்விடுவேன், ஊரில் இருக்கப்போகிறவர் அவர். "உங்க இஷ்டம்ணே" என்றிருந்தால் பொய்க்குத் துணை போனது மாதிரி. அதனால் பேசாமல் இருந்ததுதான் சரி என்று ரொம்ப நாள் என்னையே சமாதானம் செய்துகொண்டேன். அப்புறம் ஒரு நாள் இரவு, கம்போசிங் முடித்து வீட்டுக்கு வருகிற வழியில் உறைத்தது. அரசு வக்கீலின் அறை அந்த டீக்கடையிலிருந்து ஐம்பது அடி இருக்குமா? "சாட்சியை மிரட்டுகிறார்கள், அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்" என்று நான் அங்கே போய்ச் சொல்லியிருக்கலாம். சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது 2018 டிசம்பரில்தான், ஆனால் மிரட்டலை நீதிபதியிடம் சொல்ல அதற்கு முன்பும் தடை ஏதும் இல்லை. எனக்கு அது தோன்றவே இல்லை. 'சொல்வதா, சொல்லாமல் இருப்பதா' என்று என்னைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மிரட்டலைப் பற்றி அப்புறமும் எழுதவில்லை. எழுதினால் பொய்ச் சாட்சி சொன்னதாக அவர் மேலேயே நடவடிக்கை வரும், அவர் நன்மைக்காகத்தான் என்று சொல்லிக்கொள்கிறேன். எழுதியிருந்தால் நானும் கூண்டில் ஏற வேண்டியிருக்கும் என்பதும் உண்மை. இரண்டில் எது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு 'புகார்தாரர் பிறழ் சாட்சியம்' என்று நாலு வரி கொடுத்தேன். 2018-இல் விடுதலை. அதற்கும் நாலு வரிதான்.

2022 டிசம்பர் 15 அன்று நீரஜ் தத்தா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. புகார்தாரர் இறந்துபோனாலும், பிறழ்ந்தாலும், மற்ற சாட்சியங்களையும் சூழ்நிலையையும் வைத்து லஞ்சம் கேட்டதை நிரூபிக்கலாம் என்று. எங்கள் வழக்கில் அப்படி வேறு சாட்சியம் என்ன இருந்தது என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை, இருந்தாலும் அதை எழுதும்போது கை தடுமாறியது. வழக்கத்தைவிட நீளமாகவே எழுதினேன்.

மறுநாள் காலை அண்ணன் போன் செய்தார். ஐந்து வருஷத்தில் முதல் தடவை. பேப்பர் பார்த்திருக்கிறார்.

"அந்தக் கேஸைத் திரும்ப எடுப்பாங்களா தம்பி?"

"இல்லண்ணே, அது முடிஞ்சுபோச்சு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. எங்கோ மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது, வயலில் நின்றிருக்க வேண்டும். "சரி தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டார். எடுக்க மாட்டார்கள் என்ற நிம்மதியில் சொன்னாரா, எடுக்க மாட்டார்களே என்ற வருத்தத்திலா? திரும்பக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். நம்பர் இன்னும் போனில் இருக்கிறது.