இன்னும் ரெண்டு அடி

மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டு மூன்று மாதமாகிறது. பௌதிக சேர் காலமான செய்தி வாட்ஸ்அப்பில் வந்த இரவுதான் எழுத உட்கார்ந்தேன்.

பரீட்சை நெருங்கினால் காலை வகுப்பு. ஒளித்தெறிப்பு என்றால் முதலில் மணிக்கூட்டுக் கேள்வி: தளவாடியில் 8.20 தெரிகிறது, உண்மையான நேரம் என்ன? 3.40 என்று சொல்வதற்குள் அடுத்தது வந்துவிடும். 60 பாகையில் சாய்ந்த இரண்டு ஆடிகளுக்கு நடுவே ஒரு பொருள், எத்தனை விம்பம்? ஐந்து. கதிருக்கு அம்புக்குறி போடாவிட்டால் அரைப் புள்ளி போச்சு. ஆடிக்குப் பின்னால் போகும் கோட்டை முறித்து முறித்துப் போடாமல் முழுக்கோடாக இழுத்தவன் கதி உங்களுக்கே தெரியும்.

என் கதைக்கு வருகிறேன். ஒன்றுகூடல்தோறும் மற்றவர்கள் சொல்லிச் சிரிக்கிறீர்கள், நானே சொல்லிவிடுவது நல்லது.

"முழு உருவத்தையும் பார்க்க எவ்வளவு உயர ஆடி வேணும்?" என்றார் சேர்.

"சின்ன ஆடியே போதும் சேர், தள்ளி நின்றால் முழுக்கத் தெரியும்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கரும்பலகை ஆணியில் மாட்டினார். அதன் கீழ்விளிம்பு என் நெஞ்சுக்கு நேரே நின்றது.

"என்ன தெரியுது?"

"இடுப்பு வரைக்கும், சேர்."

"பின்னால போ. இப்ப?"

இடுப்புதான்.

"இன்னும் ரெண்டு அடி."

வாங்குகளுக்கு நடுவே பின்பக்கமாகவே நடந்து, கதவைத் தாண்டி விறாந்தைக்கு வந்துவிட்டேன். கண்ணாடி முத்திரையளவு சுருங்கிவிட்டது. அதற்குள்ளும் நான், அதே இடுப்பு வரை. பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். மணி அடிக்கும்வரை சேர் என்னை உள்ளே கூப்பிடவில்லை.

அது கொஞ்சம் அதிகம்தான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் பரீட்சையில் அதே கேள்வி வந்தது. 160 சென்ரிமீற்றர் ஆளுக்கு 80 சென்ரிமீற்றர் ஆடி, சரியான உயரத்தில் மாட்டினால் போதும். எவ்வளவு தள்ளி நின்றாலும் அது மாறாது. அம்புக்குறியெல்லாம் போட்டு எழுதினேன். அந்தப் பெறுபேறுதான் என்னை விமானம் ஏற்றியது. சேருக்கு ஒரு கடிதம் போட வேண்டும் என்று முதல் வருடம் முழுக்க நினைத்தேன். அப்புறம் வேலை, பிள்ளைகள்.

ஒருமுறை ஊருக்குப் போனபோது அவர் வீட்டு வாசல்வரை போனேன். கண்பார்வை மங்கிவிட்டது, குரலை வைத்துத்தான் ஆளை அறிகிறார் என்றார்கள். எத்தனையோ பேருக்குப் படிப்பித்தவர், நான் யாரென்று எப்படிச் சொல்வது? கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அடுத்த முறை பார்க்கலாம் என்று திரும்பிவிட்டேன்.

'விறாந்தையில் நின்றவன், சேர்' என்றிருந்தால் போதும்.