பெட்டிக்குள் ஒரு ரசிகர்

அண்ணன் மகள் லெகோ பெட்டியைப் பிரித்தும் கட்டைகளைத் தொடவில்லை. செய்முறைப் புத்தகத்தில் இருந்த ஒருவரின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பா, இவர் அந்த கம்பெனியில் வேலை பார்க்கிறாரா?"

இல்லை, நம்மைப் போல வாங்கி விளையாடியவர்.

லெகோ நிறுவனத்தின் 'லெகோ ஐடியாஸ்' திட்டத்தில் ரசிகர்களே வடிவமைப்புகளை முன்வைக்கலாம். 10,000 பேர் ஆதரித்தால் நிறுவனம் பரிசீலிக்கும். தேர்வாகிக் கடைக்கு வந்தால், நிகர விற்பனையில் 1 சதவீதம் வடிவமைத்தவருக்கு. 2008இல் ஜப்பானில் சோதனையாகத் தொடங்கிய திட்டம் இது.

பழைய வாடிக்கையாளருக்குப் பிறந்தநாள் குறுஞ்செய்தியும் தள்ளுபடிக் கூப்பனும் போதும் என்று நினைக்கிற நிறுவனங்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. பல வருடம் வாங்கியவரிடம் சொல்ல எவ்வளவோ இருக்குமே!

10,000 ஆதரவு பெற்றும் தேர்வாகாதவை ஏராளம். ஆனாலும் ஆதரவு திரட்டும் மாதங்களில் முன்பின் அறியாதவர்கள் ஒருவர் படைப்பை ஒருவர் பார்க்கிறார்கள், திருத்தம் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது அதுதான்.