நீல மூடியும் வெள்ளைப் படிவும்

டீசல் மூடிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நீல மூடி. கார் வாங்கிய புதிதில் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. ஒரு நாள் டேஷ்போர்டில் எச்சரிக்கை: இன்னும் 800 கிலோமீட்டர், அப்புறம் வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஆட்புளூ தீரப்போகிறதாம்; டீசல் புகையின் நச்சைக் குறைக்க அந்த நீல மூடிக்குள் ஊற்றும் திரவம் அது. 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்திகரித்த தண்ணீர், அவ்வளவுதான் சரக்கு. புகைக்குழாயின் சூட்டில் அது அம்மோனியாவாகி, புகையிலுள்ள நச்சு வாயுக்களான நைட்ரஜன் ஆக்சைடுகளை வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடுகிறது.

கேனைச் சாய்த்தபோது கொஞ்சம் வழிந்தது. தண்ணீர்தானே என்று விட்டுவிட்டேன். மறுநாள் மூடியைச் சுற்றி உப்புப் பூத்ததுபோல வெள்ளைப் படிவு; நகத்தால் சுரண்டினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. வெந்நீரில் நனைத்த துணிக்குப் போய்விட்டது. இதே படிவு, ஆட்புளூவைப் புகைக்குழாய்க்குள் பீய்ச்சும் இன்ஜெக்டரின் முனையில் கட்டினால் துணி போதாது, செலவுதான். இப்போது டிக்கியில் ஒரு புனலும் பழைய துணியும் நிரந்தரமாகக் கிடக்கின்றன.