பார்லியின் நடுப்பகுதியில் ஒரு குறுக்கேற்றம்

ஜனவரி 8

பின்கலப்புச் செடிகள் (காட்டு பார்லியோடு கலந்து பெற்ற செடியை மீண்டும் பயிர் பார்லியோடு கலந்து பெற்றவை) மூன்று இலை விட்டுவிட்டன. ஒவ்வொன்றின் இளம் இலையிலும் விரற்கடை நீளம் நறுக்கி, 96 குழிகள் கொண்ட தட்டில் இட்டேன். காட்டு பார்லியிலிருந்து நாங்கள் கொண்டுவந்த நோய் எதிர்ப்பு மரபணு, குரோமோசோமின் நடுவே இடுங்கியிருக்கும் சென்ட்ரோமியருக்கு அருகில் இருப்பதால், கதிரைத் தாமதப்படுத்தும் இன்னொரு மரபணுவும் அதோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. பார்லியின் 7 இணை குரோமோசோம்களிலும் குறுக்கேற்றம், அதாவது இணைக் குரோமோசோம்கள் தமக்குள் துண்டு மாற்றிக்கொள்வது, பெரும்பாலும் முனைகளை ஒட்டியே நடக்கிறது. நடுவிலுள்ள நீண்ட பகுதி, அதில் மரபணுக்கள் பல இருந்தும், தலைமுறை தலைமுறையாக ஒரே கட்டாகக் கைமாறுகிறது. அந்தக் கட்டு எங்கே அவிழ்கிறது என்பதைக் கண்டறிவதே இந்த ஆண்டின் வேலை.

பிப்ரவரி 3

டி.என்.ஏ. எழுத்துகளை வாசிக்கும் வரிசையாக்கத்தின் தரவு வந்துவிட்டது. செலவைக் குறைக்க மேலோட்டமாகவே வாசித்திருந்ததால், கணினி முதலில் தந்த குறுக்கேற்றப் பட்டியலை அப்படியே ஏற்க முடியவில்லை. பயிர் வகையின் எழுத்தும் காட்டு வகையின் எழுத்தும் சேர்ந்திருக்கும் ஓர் இடத்தை இரண்டே முறை வாசித்தால், 4-இல் 1 வாய்ப்பில் இரண்டுமே பயிர் வகையைக் காட்டிவிடும். 5 முறை வாசித்தாலும் 32-இல் 1 வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்ட ஒற்றை இடம், அருகருகே இரண்டு குறுக்கேற்றங்கள் நடந்ததுபோல் தோற்றம் தரும். ஆனால் ஒரு குறுக்கேற்றம் நடந்த இடத்துக்கு அருகில் இன்னொன்று நடப்பது அரிது என்பதால், அத்தகைய இரட்டைகளை நான் நம்புவதில்லை. பக்கத்துப் பக்கத்து இடங்களைத் தொகுத்து, தொகுதி முழுவதும் மாறினால் மட்டுமே கணக்கில் எடுத்தேன். பட்டியல் வெகுவாகச் சுருங்கியது. எஞ்சியவை பெரும்பாலும் முனைகளில்தான் இருந்தன.

பிப்ரவரி 5

ஒரு செடி மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அதில் மற்றவற்றைப்போல் இரு மடங்கு மாற்றங்கள் தெரிந்தன. கலப்புப் பகுதியில் காட்டு வகை வாசிப்புகள் ஏறத்தாழப் பாதியாக இருக்க வேண்டும். இதிலோ பல பகுதிகளில் கால் பங்குதான் இருந்தது. இரண்டு செடிகளின் டி.என்.ஏ. ஒரே குழியில் கலந்தால்தான் அப்படி வரும். பிழை என் கையில் நேர்ந்தது. அந்தச் செடியை நீக்கிவிட்டு, புதிய இலையிலிருந்து மாதிரி எடுத்திருக்கிறேன்.

பிப்ரவரி 6

எஞ்சிய 95 செடிகளில் ஒன்றுகூட நடுப்பகுதியில் மாறவில்லை. ரெக்யூ4 என்ற மரபணுவைச் செயலிழக்கச் செய்தால் நெல், பட்டாணி, தக்காளி ஆகியவற்றில் குறுக்கேற்றம் ஏறத்தாழ மும்மடங்காகிறது என்று 2018-இல் வெளியான ஆய்வைக் குழுவில் விவாதித்தோம். ஆனால் அந்தக் கூடுதல் பெரும்பாலும் ஏற்கெனவே மாற்றம் நடக்கும் பகுதிகளிலேயே விழுகிறது என்பதால், எங்கள் சிக்கலுக்கு அது மருந்தாகாது என்றே கருதுகிறேன். செடிகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதே வழி.

ஆகஸ்ட் 19

எதிர்ப்பு மரபணுவைச் சுமக்கும் செடிகளைத் தன்மகரந்தச் சேர்க்கையில் விட்டுப் பெற்ற நாற்றுகளை, டி.என்.ஏ.வில் இரண்டே அடையாளங்களைக் கொண்டு சலிக்கிறோம்: ஒன்று எதிர்ப்பு மரபணுவின் அருகில், மற்றொன்று தாமதம் தரும் மரபணுவுக்கு அப்பால். 1931-இல் ஹேரியட் கிரைட்டனும் பார்பரா மெக்கிளின்டாக்கும் மக்காச்சோளத்தின் 9-ஆவது குரோமோசோமில் செய்ததும் அடிப்படையில் இதுவே. ஒரு முனையில் ஒரு முடிச்சும், மறுமுனையில் வேறொரு குரோமோசோமிலிருந்து வந்து ஒட்டிய துண்டுமாக, நுண்ணோக்கியில் தெரியும் இரண்டு அடையாளங்கள் பிரிந்ததைப் பார்த்தே, மரபுப் பண்புகள் புதிதாகச் சேரும்போது குரோமோசோமும் உண்மையிலேயே துண்டு மாறுகிறது என்று நிறுவினார்கள். அடையாளங்களைத் தேர்ந்தெடுத்த அவர்களின் நுட்பத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

ஆகஸ்ட் 27

இன்று ஒரு நாற்றில் இரண்டு அடையாளங்களும் பிரிந்திருந்தன. ஜனவரியின் பிழை நினைவில் இருந்ததால், வேறொரு இலையிலிருந்து டி.என்.ஏ. பிரித்து மீண்டும் பார்த்தேன்; அதே முடிவுதான் வந்தது. மாறிய இடம் இரு மரபணுக்களுக்கும் இடையில்தானா, அல்லது தாமத மரபணுவைத் தாண்டியா என்பதை அறிய, இந்த ஒரு செடியை மட்டும் ஆழமாக வரிசையாக்கம் செய்ய அனுப்பியிருக்கிறேன். செடியைத் தனித்தொட்டிக்கு மாற்றியாயிற்று. கதிர் வந்ததும் உறையிட வேண்டும்.