விரல் நுனிப் பாடம்

2020இல் கொரோனாவால் எங்கள் மருத்துவக் கல்லூரி மூடியதும் வகுப்பெல்லாம் ஜூமுக்கு மாறியது. நோய்க்கூறியல், மருந்தியல் போன்றவற்றைத் திரையில் நடத்திவிடலாம். பதிவைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிள்ளைகள் தேர்வை நன்றாகவே எழுதினார்கள். ஆனால் நான் எடுப்பது நோயாளியைப் பரிசோதிக்கும் முறை. அது படுக்கையருகே நடக்கிற பாடம்.

முதல் இடறல் இதய ஒலியில். இதயத்தில் உள்ள மைட்ரல் வால்வு சுருங்கியவர்களிடம் கேட்கும் மர்மர் என்ற முணுமுணுப்பு, தாழ்ந்த சுருதியில் உருளும் ஒலி. பதிவை ஓட்டினேன்; யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. பேச்சைத் தவிர மற்றதையெல்லாம் இரைச்சல் என்று செயலி வடிகட்டிவிடுகிறது என்பது அப்புறம்தான் புரிந்தது. நாங்கள் தேடிய நோயே அதற்கு இரைச்சல்! வடிகட்டலை நிறுத்தினேன், செல்போன் ஸ்பீக்கரில் அப்போதும் வரவில்லை. கடைசியில் ஒலிக்கோப்பை முன்கூட்டியே அனுப்பி, ஹெட்போன் மாட்டிக் கேட்கச் சொன்னேன்.

சரி, உடம்பை விரலால் தட்டி, வரும் ஒலியை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதை எப்படிக் கற்பிப்பது? 1761இல் இந்த முறையை எழுதி வெளியிட்ட ஆஸ்திரிய மருத்துவர் ஔவென்புருக்கர் ஒரு விடுதிக்காரரின் மகன். பீப்பாயைத் தட்டி, மது எதுவரை இருக்கிறது என்று பார்ப்பதிலிருந்தே அவருக்கு யோசனை வந்தது என்பார்கள். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, "இன்றைக்கு உங்கள் உடம்புதான் நோயாளி" என்றேன். தொடையில் தட்டினால் மொத்தென்றிருக்கும். கன்னத்தை உப்பித் தட்டினால் மேளம் போலிருக்கும். பிறகு வலது மார்பில் மேலிருந்து கீழே, ஒவ்வொரு விலா இடைவெளியாக. அவர்கள் தட்டுவது எனக்குக் கேட்காது. அதனால் கேட்டதைச் சொல்லச் சொன்னேன். "மேலே காலிக் குடம் மாதிரி இருந்தது சார், ஐந்தாவது இடைவெளியில் நிரம்பின குடமாயிடுச்சு" என்றாள் ஒரு மாணவி. ஒலி மாறிய அந்த இடம்தான் கல்லீரலின் மேல் விளிம்பு; அதை அவளே கண்டுபிடித்துவிட்டாள். அன்றைக்கு எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதற்கு இந்த வழி போதவில்லை. வார்டில் மாணவனின் கைமேல் என் கையை வைத்து அழுத்திக் காட்டுவேன், பேச்சே தேவைப்படாது. இப்போது ஒவ்வொன்றையும் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. உள்ளங்கையைச் சூடாக்கிக்கொள். வலது அடிவயிற்றில் தொடங்கு. விரலால் தோண்டாதே, காத்திரு. நோயாளி மூச்சை உள்ளே இழுக்கும்போது வீங்கிய கல்லீரல் தானே இறங்கி வந்து உன் விரலைத் தொடும். இத்தனை வருடத்தில் இதை நான் இவ்வளவு விளக்கமாகச் சொன்னதே இல்லை. கேமராவைக் கீழே திருப்பி, தலையணையின் மேல் கையை வைத்துக் காட்டினேன்.

வார்டு திறந்ததும் அதே மாணவி ஒரு பெரியவரின் வயிற்றைப் பரிசோதித்தாள். உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டாள், சரியான இடத்தில் தொடங்கினாள், மூச்சுக்குக் காத்திருந்தாள். நான் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பவில்லை. பெரியவர் வலியில் முகத்தைச் சுளித்தார். அவள் பார்க்கவில்லை, கண் முழுக்கத் தன் விரல்கள் மேலேயே இருந்தது.

அழுத்தும்போது நோயாளியின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று முந்தைய மாணவர்களுக்கும் நான் சொன்னதில்லை. நான் எங்கே பார்க்கிறேன் என்பதைப் பார்த்தே அவர்கள் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். இவளுக்கு நான் காட்டியது என் கைகளை மட்டும்தான்.