முக்காலியில் ஒரு சுவர்க்கோழி

சில்வண்டுச் சத்தமே இல்லாததால்தான் கேரளத்தின் சைலன்ட் வேலிக் காட்டுக்கு அந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை உண்டு. என் எலக்ட்ரானிக் இசைக்குப் பூச்சிச் சத்தம் பிடிக்க அங்கேதான் மைக்கைத் தூக்கிக்கொண்டு போனேன்.

கோவையிலிருந்து ஆனைகட்டி, அகளி வழியாக முக்காலி. நம்ம பவானி இங்கே சின்னப் பெண்ணாக ஓடுகிறது. குந்திப்புழை அணைத் திட்டம் கைவிடப்பட்டு 1984-ல் தேசியப் பூங்காவான காட்டுக்கு இங்கிருந்துதான் ஜீப். காலையில் காட்டுக்குள் இருக்கும் சைரந்திரி வரை போய் வந்தேன். இன்ஜின் சத்தம், பேச்சு, ஆற்று இரைச்சல். ஆனாலும் ஓரிடத்தில் சில்வண்டு கேட்டது. ஒற்றைக் குரல், பத்து நொடி இருக்கும். ஆண் சில்வண்டின் வயிற்றின் இருபுறமும் வரிவரியான சவ்வு உண்டு. தசை இழுத்துவிட, தகர மூடியை அமுக்கினால் வருவதுபோல ஒரு 'டக்'. அதுவே நொடிக்கு நூற்றுக்கணக்கில் அடித்தால் அந்த ரீங்காரம்.

நான் தேடி வந்தது இரவில்தான் கிடைத்தது. தங்கிய விடுதியின் பின்சுவர் விரிசலில் ஒரு சுவர்க்கோழி, அதாவது இரவில் கிரீச்சிடும் கிரிக்கெட் பூச்சி. முதல் இரவு முழுக்க வீண். பதிவின் ஒலியளவைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ கெயினை அணைக்க மறந்துவிட்டேன். பூச்சி மூச்சு வாங்கும் ஒவ்வொரு இடைவெளியிலும் ரெக்கார்டர் தானாகவே ஆற்றுச் சத்தத்தை மேலே ஏற்றியிருந்தது. அதைப் பிறகு பிரித்தெடுக்க வழியே இல்லை.

மறுநாள் இரவு எட்டு மணிக்கு மறுபடி போய் நின்றேன். பக்கத்தில் போனதும் சத்தம் நின்றது. காவலுக்கு இருந்த பெரியவர் சொன்னார்: "டார்ச்ச அணைச்சுப் போட்டு உக்காந்துக்குங்க கண்ணு. கால் அதிர்வு தெரிஞ்சா அது வாயே தெறக்காது." உட்கார்ந்தேன். பதினோரு நிமிடம் கழித்து, மைக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில், தொடங்கியது.

96 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 96,000 முறை ஒலியை அளந்து, பதிவு செய்திருந்தேன். வழக்கமான 44.1-ல் பிடித்தால், வேகத்தைக் குறைக்கும்போது மேல் ஸ்தாயி மொண்ணையாகிவிடும். வீட்டில் நான்கு மடங்கு மெதுவாக ஓட்டினேன். சுருதி இரண்டு ஸ்தாயி இறங்கியது. ஒரே 'கிரீச்' என்று நினைத்தது நான்கு தட்டாகப் பிரிந்தது. ஒரு முன்னிறக்கையின் அடியில் இருக்கும் பல்வரிசையை மற்ற இறக்கையின் ஓரம் உரச, ஒவ்வொரு முறை இறக்கை மூடும்போதும் ஒரு தட்டு. முதல் தட்டு மெலிசு, போகப்போக அழுத்தம். 'தகதிமி' என்று சொல்லிப் பாருங்கள், அதேதான். இதற்கு மேல் டிரம் மெஷின் எதற்கு?

அதே இரவின் முடிவில், காலை நான்கு மணிக்கும் அதே இடத்தில் பதிவு செய்திருந்தேன். எட்டு மணிக்கு நிமிடத்துக்கு 112 கிரீச், நான்கு மணிக்கு 90. பூச்சிக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும்; குளிர்ந்தால் தசை தளரும், தாளமும் தளரும். கடையில் வாங்கும் சாம்பிள் தொகுப்பில் இந்த இரவு இருக்காது. அதனால் தாளத்தை ஒரே சீரான வேகக் கட்டத்தில் (கிரிட்) பூட்டவில்லை. பாட்டு 112-ல் தொடங்கி 90-க்கு இறங்குகிறது. பேஸும் கூடவே இறங்குகிறது.

நான்கு மணிப் பதிவின் கடைசியில் பெரியவர் இருமுகிறார், சுவர்க்கோழி சட்டென்று நிற்கிறது, பவானி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஆறு நொடியை அப்படியே பாட்டின் முடிவில் வைத்திருக்கிறேன்.