அப்பாவின் பாய்ப்படகு

மொரீஷியஸின் மாயேபூர் கரையில் அப்பா வைத்திருந்த பிரோக்கை, அதாவது அந்தச் சின்ன மரப் பாய்ப்படகைப் பற்றித் தம்பி இன்று கேட்டான், அதிலிருந்து மனசு கடலிலேயே நிற்கிறது. ஜூலை, ஆகஸ்டில் தென்கிழக்குக் காற்று பலமாக வீசும், அதை எதிர்த்து வளைந்து வளைந்து இல் ஓ ஏக்ரெத் தீவுப் பக்கம் போய்ச் சேரவே காலை முழுக்க ஆகிவிடும். திரும்பும்போது அதே காற்று முதுகில்! பாய் புடைத்து நிற்க, எதிரே சிங்க மலை, சுக்கானை என் கையில் கொடுத்துவிட்டு அப்பா தண்ணீரின் நிறத்தைப் படிக்கச் சொல்லித் தருவார்: பழுப்பாகத் தெரிந்தால் அடியில் பவளப்பாறை, கருநீலம் என்றால் ஆழம், அங்கே போ. ஒருமுறை நான் தவறிப் பாறையில் உரசிவிட்டேன். அப்பா திட்டவே இல்லை, பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு "சரிம்மா, பாயை இறுக்கு" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. பாய்ப்படகு வைத்திருந்தவர்கள், உங்கள் நினைவையும் எழுதுங்களேன்.